பூனைகளுக்கும் பராமரிப்புக் கணக்கில் இடம் ஒதுக்குங்கள்: சென்னை அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்ககக் குடியிருப்போர் சங்கங்களின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

லிஃப்ட் பராமரிப்பு, சம்ப் சுத்தம் செய்தல், ஜெனரேட்டர் டீசல் ஆகியவற்றைப் பேசி முடித்த பிறகு, நம் பொதுக்குழுக் கூட்டங்களில் இப்போதெல்லாம் தவறாமல் எழுகின்ற பேச்சு பூனைகளைப் பற்றியது. காரின் மேல் கால்தடம், மாடிப்படியில் மூத்திர வாடை, நள்ளிரவில் கடுவன்களின் சண்டை என்று புகார்கள் வரிசையாக வரும். கடைசியில், யாரையாவது வைத்துப் பிடித்து எங்காவது விட்டுவிடலாம் என்ற முடிவு, தீர்மானப் புத்தகத்தில் ஏறாமலே நிறைவேறிவிடும். அந்த முடிவை இனி எடுக்க வேண்டாம் என்றும், அதற்காகச் செலவிடும் பணத்தைப் பூனைகளின் கருத்தடைக்கு ஒதுக்குங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் வளாகத்திலும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் நடந்தது. ஒரு விடியற்காலையில் ஐந்து பூனைகள் சாக்குகளில் கட்டப்பட்டு வண்டியில் ஏற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய் என்பது, அன்று மாலை மீட்டர் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கண் திறக்காத குட்டிகளின் குரல் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று குட்டிகளில் ஒன்றைக்கூட எங்களால் காப்பாற்ற முடியவில்லை. கூட்டத்தில் நானும் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவன்தான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அடுத்த மழைக்காலத்திற்குள் வேறு பூனைகள் அதே மதில்மேல் வந்து அமர்ந்தன.

அது தற்செயல் அன்று. குப்பைத் தொட்டியும், மீன்காரர் வந்துபோகும் வாசலும், ஒதுங்க இடமும் இருக்கின்ற வளாகத்தில் சில பூனைகள் வாழ்வதற்கான வசதி எப்போதும் இருக்கிறது. இருந்தவற்றை அகற்றினால், அவை காத்துவந்த எல்லைக்குள் அக்கம்பக்கத்துப் பூனைகள் நுழைகின்றன. வருபவை கருத்தடை செய்யப்படாதவையாக இருந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பெட்டைப் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான். ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்பது சாதாரணம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப்படலாம். குளிர்நாடுகளைப் போலன்றி, பகல் பொழுது பெரிதாகச் சுருங்காத நம் ஊரில் பூனைகள் ஆண்டு முழுவதும் ஈனுகின்றன. இவ்வளவு விரைவாகப் பெருகும் உயிரைச் சாக்கில் கட்டிக் குறைத்துவிட முடியாது.

இதை உணர்வதற்குச் சென்னைக்கு வெளியூர்ப் பாடம் தேவையில்லை. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை என்று கண்டு, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என 1964-இல் இந்நகரத்தில் செயலில் இறங்கியது புளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பு. மாநகராட்சி அந்த வழிக்கு வந்து சேர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாய்களுக்காக வளர்ந்த அந்த ஏற்பாடு பூனைகளை எட்டியது மிகக் குறைவு என்பதால்தான் அடுக்ககச் சங்கங்களிடம் கேட்கிறேன்.

சட்டத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும், வீண் வலி தரும் வகையில் அதைக் கொண்டுசெல்வதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்களாகும். நஞ்சு வைத்துக் கொல்வதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. மேலும், 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள், வளாகத்தில் வாழும் சமூக விலங்குகளுக்கு, அதாவது தனி உரிமையாளர் இல்லாத விலங்குகளுக்கு, உணவளிக்க உரிய ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே ஒப்படைத்துள்ளன. உணவிடும் இடம் படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

செய்முறை கடினமானதன்று, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் இரண்டு வாரங்களுக்கு, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவு வைத்து, எத்தனை பூனைகள் வருகின்றன, எவை பெட்டை, எவை கடுவன், எது பால் கொடுக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கான நாளைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்த பிறகே கூண்டு வைக்க வேண்டும். முந்தைய நாள் உணவை நிறுத்தினால், பசித்த பூனை மீன்வாசத்துக்குத் தானாகவே உள்ளே செல்லும். கதவு விழுந்தவுடன் கூண்டின்மீது துணியைப் போர்த்துங்கள்; இருட்டில் பூனை அடங்கிவிடும். பால் கொடுக்கும் தாயாக இருந்தால், குட்டிகள் தாமாக உண்ணத் தொடங்கும் வரை காத்திருப்பதே முறை. மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் அந்தப் பூனையை இரண்டாவது முறை பிடிக்க வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடும். மயக்கம் முழுவதும் தெளிந்து, மருத்துவர் சொல்லும் நாட்கள் கழிந்தபின், பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். ஒன்றிரண்டோடு நிறுத்தினால் பயன் இல்லை. எஞ்சிய ஒரு பெட்டை போதும், ஓராண்டில் எண்ணிக்கையை மீட்டுவிடும்.

கருத்தடைக்குப் பிறகு கடுவன்கள் சண்டையிடுவதும் மூத்திரம் பீய்ச்சி எல்லை குறிப்பதும் பெரிதும் குறைகின்றன. உங்கள் புகார்ப் பட்டியலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

உணவு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிஞ்சிய சோற்றைக் காகிதத்தில் கொட்டிவிட்டுப் போவது கரிசனம் ஆகாது. அது எறும்பையும் பெருச்சாளியையும் அழைத்து, பூனைகளுக்குப் பகைவர்களைச் சம்பாதித்துத் தருகிறது. அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவைப்பவர்மீது குறை சொல்ல எவருக்கும் காரணம் கிடைக்காது. பூனைகள் அணிலையும் தேன்சிட்டையும் வேட்டையாடுகின்றன என்று வருந்துவோரின் வருத்தமும் நியாயமானதே. அதற்காகவும்தான் எண்ணிக்கை குறைய வேண்டும் என்கிறேன்.

ஆகவே, அடுத்த பொதுக்குழுவில் மூன்று முடிவுகளைத் தீர்மானமாகவே பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்: வளாகத்திலிருந்து எந்தப் பூனையையும் பிடித்து அப்புறப்படுத்துவதில்லை, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒரு தொகை ஒதுக்கப்படும், உணவிடும் இடத்தையும் நேரத்தையும், உணவு வைப்பவர்களோடு கலந்து பேசிச் சங்கமே முடிவு செய்யும். சிறிய வளாகங்கள் ஒரே தெருவில் நான்கைந்தாகச் சேர்ந்து ஒரு கூண்டை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பூனைகளுக்கு மதில் ஓர் எல்லை அன்று என்பதால் அப்படிச் செய்வதே மேலும் நல்லது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். நனைந்த குட்டிகள் சூடு தேடிக் கார் எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கின்ற மாதங்கள் அவை. அதற்கு முன்பே உங்கள் வளாகத்துப் பெட்டைகளுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து புண் ஆறியிருக்கும்படி, கூட்டத்தை ஆகஸ்டிலேயே கூட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஓர் அடுக்ககவாசி