பின் ஸ்டெபிலைசர் பார் மாற்றப்போகிற மகளுக்கு

தக்கலை

அன்பு மக்களே,

காரின் துருப்பிடித்த பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியை, வீட்டு முற்றத்தில் வைத்து நாங்களே மாற்றப்போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மைக்கு நிம்மதி இல்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. போனில் பேசினால் முக்கியமானது விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் வாசிக்கட்டும்.

வீட்டில் தைரியமாகத் தொடக்கூடிய வேலை இது. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றுவது என்றால் வேண்டாம் என்றிருப்பேன். அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். பிரேக் லைனைத் திறக்கிற வேலை என்றாலும் யோசித்திருப்பேன். இதில் அந்த இரண்டும் இல்லை. வண்டியின் எடையை இந்தப் பார் தாங்குவதும் இல்லை. இரண்டு கிளாம்ப், இரண்டு லிங்க், நடுவில் வளைந்த ஒரு கம்பி, அவ்வளவுதான். ராணித்தோட்டம் பஸ் பணிமனையில் வண்டிக்கு அடியிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன், உன்னால் முடியும்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு கை வை. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்ஷுக்குள், அதாவது கம்பியைச் சுற்றிக் கவ்வுகிற ரப்பர் உறைக்குள், உட்கார்ந்திருக்கும். இரண்டு முனையும் லிங்க் என்கிற குட்டை இணைப்புத் தண்டு வழியாக இடது, வலது சக்கரங்களைப் பிடித்திருக்கிற ஆர்மில் மாட்டியிருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. ஒரு பக்கம் மட்டும் ஏறினாலோ, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலோ, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி அது முறுகும். முறுகின இரும்பு திரும்பி நிமிரப் பார்க்கும் இல்லையா, அந்தப் பலம்தான் சாய்வைத் தடுக்கிறது. இதற்கு 1919-இல் முதல் காப்புரிமை வாங்கியவர் ஒரு கனடாக்காரர், ஃபிரெடெரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன். நீ இருக்கிற நாட்டுச் சரக்குதான்!

துரு எப்படி வந்தது என்று கேட்டாய். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிறார்கள், இங்கே கடல்காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. முட்டத்தில் உன் சித்தப்பா வண்டியிலும் இதே கதைதான். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் பக்கக்காற்று அடிக்கும்போது பின்பக்கம் தனியாக ஆடுகிறது, குழியில் விழுந்தால் டக் டக் என்று சத்தம் வருகிறது என்றான். நம் வீட்டு அயினி மரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது, கிளாம்ப்பைக் கழற்றினால் புஷ்ஷுக்கு அடியில் கம்பி அரித்து மெலிந்துபோயிருக்கிறது. ஈரமும் மணலும் அங்கேதான் தங்கும். அதனால் புஷ் மட்டும் மாற்றினால் போதுமா என்று யோசிக்காதே. கம்பி மெலிந்திருந்தால் புதுப் புஷ்ஷும் அதைப் பிடிக்காது, சத்தம் திரும்ப வரும்.

இனி மாப்பிள்ளை சொன்ன விஷயம். பழையது 16 மில்லிமீட்டர், 20 போட்டால் வளைவில் வண்டி சாயாது என்றார். அவர் சொல்வது உண்மைதான், சாய்வு குறையும். ஆனால் 4 மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். கம்பியின் முறுக்குப் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது விட்டத்தை நான்கு தடவை பெருக்கின கணக்கில். 16-க்கு 20 என்றால் விட்டத்தில் கால் பங்குதான் கூடுதல், பலத்தில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. முன்பாரைத் தொடாமல் பின்பக்கத்தை மட்டும் இவ்வளவு இறுக்கினால், வளைவில் பின்சக்கரம் பிடி விடுவது சீக்கிரமாகும். உங்களுடையது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. வேகமாக வளைத்தால் முன்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளிப்போகும்படிதான் அப்படிப்பட்ட வண்டிகளைப் பெரும்பாலும் கம்பெனியிலேயே அமைத்து அனுப்புகிறார்கள். ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தினால் சாதாரண ஆளுக்கும் வண்டி வசப்படும். பின்பக்கம் வழுக்கித் திரும்பினால் அதைப் பிடித்து நேராக்குவது பழகின கைக்கே கஷ்டம். காய்ந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது இன்பமாக இருக்கலாம். நீ உறைபனியில் விடியற்காலை வேலைக்குப் போகிறவள். பின்சீட்டில் பேரன் இருப்பான். பழைய அளவே போடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சு நிற்கட்டும்.

அடுத்தது ஜாக்கி. இதை இரண்டு தடவை வாசி. ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்க அல்ல. வண்டியைத் தாங்கி நிற்கிற இரும்பு ஸ்டாண்டு வைக்காமல் தோளைக்கூட அடியில் நுழைக்காதே. பின்பக்கத்தைத் தூக்கினதும் ஹேண்ட்பிரேக்கை நம்பவும் கூடாது. அது பிடிப்பது பின்சக்கரத்தை, அதுதான் அந்தரத்தில் நிற்கிறதே. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, கியரை பார்க்கில் போடு. தரை தாராக இருந்தால் வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் இறங்கும், அடியில் தடித்த பிளைவுட் பலகை வை. நம் முற்றம் செம்மண், மழை பெய்தால் குழைந்துவிடும், நானும் பலகை போட்டுத்தான் செய்தேன். ஸ்டாண்டு வைக்கிற இடம் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும், அங்கேதான் வைக்க வேண்டும். கழற்றின சக்கரங்களை ஓரத்தில் சாய்த்து வைக்காமல் பாடிக்கு அடியில் படுக்கப் போடு. ஸ்டாண்டே நழுவினாலும் அவை கொஞ்சம் இடம் மிச்சம் வைக்கும். எல்லாம் வைத்த பிறகு வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பார். அசைந்தால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கு.

இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும், லிங்க் போல்ட்டு கழன்றதும் முனை துள்ளிக் கையில் அடிக்கும். சமமாகத் தொங்கினால் கையாலேயே அசைக்கலாம்.

கழற்றுவதுதான் நேரம் தின்னும். முந்தின நாள் இரவே துரு இளக்குகிற எண்ணெயை எல்லா நட்டுக்கும் அடித்துவிடு, காலையிலும் ஒரு தரம் அடி. லிங்க்கின் நட்டைத் திருப்பும்போது அதன் உள்ளே இருக்கிற மரை போட்ட தண்டும் கூடவே சுற்றும். அந்தத் தண்டின் நுனியில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழைய ஒரு துளை இருக்கும், சிலவற்றில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பு. அப்படியும் வரவில்லையென்றால் மல்லுக்கட்டாதே, அறுத்து எறி. அதற்குத்தான் புது லிங்க்கும் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். பாடியில் இருக்கிற கிளாம்ப் போல்ட்டு மட்டும் உடைந்துவிடக் கூடாது. அதை இறுக்கி, தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வரவழை. அவசரப்பட்டு நீளக் குழாய் மாட்டி மிதிக்க வேண்டாம்.

சைலன்சர் குழாய் வழியில் இடித்தால் அதன் ரப்பர் வளையங்களைக் கழற்றிக் கொஞ்சம் தாழ்த்தலாம். ஆனால் அடியில் முட்டுக் கொடு, தொங்க விடாதே. பழைய பார் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, புஷ்ஷின் வெட்டு எந்தத் திசை பார்க்கிறது என்று கழற்றும் முன்பே படம் எடுத்துவை.

மாட்டும்போது ரப்பர் புஷ்ஷுக்கு வண்டிக் கிரீஸோ எண்ணெயோ தடவாதே, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். நுழையவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ் வாங்கியிருந்தால் அதற்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றிவிடு, ஒன்றையும் முழுதாக இறுக்காதே. பார் நடுவில் சரியாக நிற்கிறதா, பிரேக் ஹோஸையோ ஏ.பி.எஸ். வயரையோ உரசுகிறதா என்று பார். லிங்க்கில் ரப்பர் புஷ் இருந்தால் கடைசி இறுக்கு வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கின பிறகுதான். தொங்குகிற நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பது அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்தில் உள்ள எண், என் கைப்பழக்கம் அல்ல. இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கு.

அப்புறம் மெதுவாக ஓட்டிப்பார். ஒரு நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டுகளை இன்னொரு தரம் பார்த்துவிடு, சக்கர நட்டையும் சேர்த்து. சித்தப்பா வண்டிக்கு நானும் அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவனை நிறுத்தி வைத்து இறுக்கிப் பார்த்தேன். இப்போது முப்பந்தலில் ஆட்டம் இல்லை என்கிறான்.

எந்தச் சனிக்கிழமை என்று முன்னாலேயே சொல். உனக்குக் காலை பத்து மணி என்றால் கோடைகாலத்தில் எனக்கு இரவு ஏழரைதான், சாப்பிட்டுவிட்டு வீடியோவில் உட்கார்ந்திருப்பேன். ஸ்டாண்டு வைத்ததும் நான்கு பக்கமும் போனைக் காட்டு. நான் சரி என்ற பிறகு அடியில் போ. மாப்பிள்ளை வெளியே நிற்கட்டும், ஒருவர் அடியில் இருக்கும்போது இன்னொருவர் எப்போதும் வெளியே வேண்டும். பேரனை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா