கருத்தரங்கின் அட்டவணையை எங்களிடம் விடுங்கள்: பயிர்க் காப்பீட்டு ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிர்க் காப்பீட்டுக் கருத்தரங்குகளை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கருத்தரங்குகளுக்கு வரும் காப்பீட்டு முகவர்களும் களப் பணியாளர்களும் எழுதுகிறோம்.

தஞ்சாவூரில் கடைசியாக நடந்த கருத்தரங்கைப் பற்றி உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கு அழைத்தீர்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது பதினொன்றரை. பொன்னாடைகள் முடிந்ததும் திரையில் திட்ட அறிமுகம் ஓடியது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், காரீப் (மழைக்கால) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ரபி (குளிர்காலப்) பயிருக்கு 1.5 சதவீதம் பிரீமியம் என்பதையெல்லாம் நாள்தோறும் விவசாயியிடம் சொல்லிப் பதிவு செய்கிறவர்களுக்கே அதைப் போட்டுக் காட்டினீர்கள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கேள்வி நேரம் வந்தது. வயலில் தண்ணீர் நின்றால், இழப்பைத் தெரிவிப்பதற்கான 72 மணி நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுவது என்று ஒருவர் கேட்டார். "நேரமில்லை, எழுதிக் கொடுங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

டெல்டாவில் அதைவிட அவசரமான கேள்வி இன்று கிடையாது. நெல் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாகப் பார்க்கும் பிரிவை 2018-ல் எடுத்தார்கள். 2026 காரீப் முதல் அது மீண்டும் வரும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. தண்ணீர் ஏறிய நாளா, வடிந்த நாளா? தூர் கட்டும் பருவத்தில் மூழ்கிய பயிரையும் பால் பிடிக்கும் பருவத்தில் மூழ்கிய பயிரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியுமா? புயலில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் போன ஊரில், இடக் குறிப்புடன் படத்தைச் செயலியில் ஏற்றுவது எப்படி? இவற்றை அந்த அறையில் பேசக்கூடியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பேச விடவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த கருத்தரங்கின் அட்டவணையை வருகிறவர்களிடம் விடுங்கள்.

அது ஏன் வேண்டும் என்பதற்கு, ஊரின் மகசூலைக் கணக்கிட மாதிரி வயலில் அறுத்து எடை போடும் அறுவடைச் சோதனை ஒன்றே போதும். குச்சி நட்டு, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, மூலைவிட்டம் 7.07 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் சதுரம் சாய்ந்து பரப்பு குறைந்துவிடும். மழையில் சாய்ந்த பயிர் என்றால் கதிர் கயிற்றுக்கு உள்ளே கிடக்கும், தூர் வெளியே இருக்கும். தூரைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், கதிரைப் பார்த்தல்ல. அந்த 25 சதுர மீட்டரில் கிடைக்கும் ஒரு கிலோ, ஹெக்டேர் கணக்கில் 400 கிலோ. தராசில் 100 கிராம் தவறினால் 40 கிலோ தவறும்.

இப்போது ஈரத்தைப் பாருங்கள். தை மழையில் நனைந்த நெல் 25 சதவீத ஈரத்தோடு 10 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதினால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. அதே நெல்லை 14 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் 8.72 கிலோ, அதாவது 3,488. அந்த ஊரின் உத்தரவாத மகசூல், அதாவது அதற்குக் கீழே போனால் இழப்பீடு தர வேண்டிய அளவு, 3,600 என்றால், முதல் கணக்கில் இழப்பே இல்லை. இரண்டாவதில் 112 கிலோ குறைவு, ஊர் முழுவதற்கும் இழப்பீடு உண்டு. ஒரு கிராமத்துக்கு நான்கு சோதனை. மழை பெய்த வாரத்தில் நான்கும் ஈர நெல்லாகவே இருக்கும் என்பதால் சராசரியும் காப்பாற்றாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். சோதனை வயலில் மட்டும் ஈரத்தை நெல்லாக எண்ணினால், அது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

இதைச் சரிசெய்யத் தேவையானவை ஓர் ஈரமானி, உலர்த்திய எடையைப் பதியும் ஒரு கட்டம், அதில் யார் கையெழுத்திடுவது என்ற முடிவு, அவ்வளவே. கயிறு பிடித்தவர், நிறுவனத்தின் சார்பில் நின்றவர், இழப்பீட்டுப் பிரிவில் கையெழுத்திடுபவர் மூவரும் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்தால் முடிந்துவிடும். மேடையும் திரையும் இருக்கும்வரை அந்த மூவரும் வேறுவேறு வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வருகிறவர்களே அன்றைக்கே தலைப்புகளை முடிவு செய்யும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் 1985-லேயே இப்படிக் கூட்டம் நடத்தினார். சென்னையில் கணினித் துறையினர் 2006-ல் இதே பாணியில் பார்கேம்ப் என்ற கூட்டத்தை நடத்தினார்கள். எண்பது பேர் வந்தால் ஐந்து அறை, ஐம்பது நிமிடமாக மூன்று சுற்று, பதினைந்து அமர்வு. சுவரில் வெற்றுக் கட்டம் வரைந்த சார்ட் ஒட்டுங்கள். பேச வேண்டியது இருப்பவர் எழுந்து ஒரு வரியில் சொல்லி, அதை எழுதிக் கட்டத்தில் ஒட்டுவார். ஒரே பொருளை இருவர் சொன்னால் அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள். பயன்படாத அமர்விலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் அறையிலும் ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும்: சிக்கல் என்ன, யார் தீர்க்க முடியும், எந்தத் தேதிக்குள். குறிப்பு இல்லாவிட்டால் எல்லாம் பேச்சோடு போய்விடும்.

கெடுவதும் எங்கே என்று தெரியும். திருமண மண்டபத்தில் ஐந்து வட்டம் போட்டால் எதிரொலியில் ஒன்றும் கேட்காது. சனிக்கிழமை ஒரு பள்ளியைக் கேளுங்கள், வகுப்பறைகள் இருக்கின்றன. அதிகாரி பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், ஆகவே முதல் இருபது நிமிடம் அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பாலிசி விற்பனைப் பேச்சுக்கு ஓர் அறைகூட வேண்டாம். தை, மாசியில் வைக்காதீர்கள். எல்லோரும் வயலில் இருப்போம். தாளடி அறுவடை முடிந்து, ஜூன் 12-க்குள், அதாவது மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளுக்கு முன்னால் வைத்தால், பேசியதைச் சம்பா பதிவுக்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில் நிலத்திலும் ஆதீன நிலத்திலும் குத்தகைக்கு உழுபவர் தன் பெயரில் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்க அலைகிறார். கணினியில் பக்கத்து ஊரின் பெயரைத் தேர்ந்து பதிந்துவிட்டால் இழப்பீடு கிடைக்காமலே போகிறது. அந்த விவசாயியின் வீட்டு வாசலில் பதில் சொல்லி நிற்பது நாங்கள். நிறுவனமோ வங்கியோ அங்கே வருவதில்லை. எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. அதிலும் பையும் குறிப்பேடும் மதியச் சாப்பாடும் கொடுத்து, கைதட்டச் சொல்லி அனுப்புகிறீர்கள். இது எங்களுக்கு வலிக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நாங்கள் மறுக்கவில்லை. ஒரே ஒரு முறை, அட்டவணையை எங்களிடம் விட்டுப் பாருங்கள். இழப்பீட்டுப் பிரிவில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ள ஒருவரை நாள் முழுவதும் உட்கார வையுங்கள். சார்ட், பேனா, குறிப்பெடுப்பவர்கள் எங்கள் பொறுப்பு. தேதியும் இடமும் எழுத்தில் தெரிவித்தால், முதல் அமர்வுக்கு ஈரமானியும் கயிறும் தராசும் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் காப்பீட்டு முகவர்கள், இழப்பு மதிப்பீட்டாளர்கள், கூட்டுறவுக் கடன் சங்க ஊழியர்கள், பொது சேவை மையத்தினர், அறுவடைச் சோதனைக் களப் பணியாளர்கள்