திடல்மீது மட்டும் பழி போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் காற்பந்துக் குழு சொந்தத் திடலில் தடுமாறுவதற்கு லண்டன் ஸ்டேடியம்தான் காரணம் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகளாக அந்தக் குழுவின் ரசிகன் நான். சனிக்கிழமை இரவு பதினொரு மணி ஆட்டத்துக்கு இன்றும் கண் விழிக்கிறேன். கட்டுரை சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

1904 முதல் 2016 வரை அவர்கள் ஆடிய அப்டன் பார்க்கில் 35,000 பேர்தான் அமரலாம். ஆனால் இருக்கைகள் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டை ஒட்டி இருந்தன. பந்தை எறிய வரும் எதிரணி ஆட்டக்காரரின் காதிலேயே ரசிகரின் குரல் விழும். இப்போதைய அரங்கம் 2012 ஒலிம்பிக்கிற்காகக் கட்டியது. 60,000 பேருக்கு மேல் கொள்ளும். நடுவில் ஓட்டத் தடத்துக்கான இடைவெளி. குறிப்பாக, கோலுக்குப் பின்னால் இருப்பவர்கள் வெகுதொலைவில் இருக்கிறார்கள்.

அந்த வித்தியாசம் எனக்குச் சொந்த அனுபவம். எங்கள் தோட்டத்துத் திடலில் கோல் கம்பத்துக்குப் பின்னால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துச் சனமே நிற்கும். ஓங்கி உதைத்தால் பந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை வாசலில் போய் விழும். பக்கத்துத் தோட்டத்துக் குழுக்கள் அங்கே ஆட வரவே தயங்கும். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் பட்டணத்துத் திடலுக்குப் போனோம். அங்கும் சுற்றிலும் ஓட்டத் தடம். முதல் ஆண்டு ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "இந்தத் திடல் நமக்கு ராசியில்லை" என்று எல்லாரும் சொன்னோம். ஆனால் தற்காப்பில் நின்ற இரண்டு பேரும் அதற்குள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மற்றவர்களுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். பயிற்சிக்கு ஐந்து பேர் சேர்ந்தால் பெரிது. பிழைக்கப் போன நண்பர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாய் பேசாத திடல்மீது பழியைப் போட்டோம்.

வெஸ்ட் ஹாம் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அப்டன் பார்க்கைக் கோட்டை என்று புகழ்கிறவர்கள் 2002-03 பருவத்தை மறந்துவிடுகிறார்கள். ஜோ கோல், கேரிக், டெஃபோ, டி கானியோ என்று நட்சத்திரங்கள் எல்லாரும் இருந்த குழு அது. சொந்தத் திடலில் முதல் லீக் வெற்றிக்கு ஜனவரி கடைசிவரை காத்திருந்தது. 42 புள்ளிகள் எடுத்தும் அடுத்த நிலை லீக்கிற்குத் தரமிறங்கியது. 2010-11-இல் கடைசி இடம். அதுவும் அதே அப்டன் பார்க்கில்தான். மாறாக, எல்லாரும் திட்டும் இந்தப் புது அரங்கத்தில் 2020-21-இல் ஆறாம் இடம், அடுத்த ஆண்டு ஏழாம் இடம், ஐரோப்பியக் குழுக்கள் மோதும் யூரோப்பா லீக்கில் அரையிறுதி.

ரசிகர்களின் பலம் பொய் என்று நான் சொல்லவில்லை. கோவிட் காலத்தில் அரங்கங்கள் காலியாகக் கிடந்த 2020-21 பருவத்தில், இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரிமியர் லீக்கில் சொந்தத் திடல் வெற்றிகளைவிட வெளித்திடல் வெற்றிகளே அதிகம். அதற்கு முன் அங்கே அப்படி நடந்ததே இல்லை. தன் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களில் தோற்காத லிவர்பூல், ஆளில்லாத அதே திடலில் வரிசையாக ஆறு ஆட்டங்கள் தோற்றது. ஆனால் அரங்கம் காலியாக இருந்த அதே பருவத்தில்தான் வெஸ்ட் ஹாம் 65 புள்ளிகள் எடுத்தது என்பதை மறக்கக்கூடாது. கூட்டம் எப்போதும் தாங்கிப் பிடிக்காது. 2018 மார்ச்சில் பர்ன்லியிடம் 0-3 என்று தோற்ற அன்று ரசிகர்களே திடலுக்குள் ஓடிவந்தார்கள். நிர்வாகிகள் இருந்த பக்கம் பார்த்துக் கத்தினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு வலித்தது. அந்தக் கோபம் நாற்காலியின் தூரத்தைப் பற்றியது மட்டுமல்ல. தெருவோடு ஒட்டியிருந்த திடலை விட்டுக் கொடுத்தால் பெரிய குழு ஆகலாம் என்று சொன்னார்களே, அந்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கோபம்.

நல்ல குழுவை அரங்கம் கெடுத்துவிடாது. தள்ளாடும் குழுவுக்குப் பக்கத்தில் நின்று தோள் கொடுக்க அந்த அரங்கத்தில் ஆளில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், வெளித்திடல் ஆட்டங்களின் முடிவுகளையும் பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வெளியிலும் அதே அளவுக்குத் தோற்கும் குழு தன் திடலைக் காரணம் காட்ட முடியாது.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் குழு ஆட்டக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்