28.1 – மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலி பற்றிப் போன வாரம் போனில் கேட்க நினைத்து மறந்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அத்தையை ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்.

போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குக் கோல்ஃபில் ஹேண்டிகேப் வந்துவிட்டது மாமா, ஆட்டத்தில் எனக்கு எத்தனை அடி சலுகை என்று சொல்லும் நம்பர், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர். முதலில் வந்தது 28.1. முறையானது, என் பெயரில் பதிவானது. எந்தக் கிளப்பிலும் நான் சேரவில்லை. இதை வந்த உடனே உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும், எழுதுவது தள்ளிப்போய்விட்டது.

நீங்கள் பதினாறு வருடம் அடுத்தவர்களின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். கிளப் சுவரில் மாட்டியிருந்த பலகையைத் திரும்பிப் பார்க்காமலே யாருக்கு எத்தனை ஹேண்டிகேப் என்று சொல்வீர்கள். பை சுமக்கும் கேடிகளை ஆட விடும் திங்கட்கிழமைகளில் நீங்கள் எண்பது அடிக்குள் ஆட்டத்தை முடித்ததை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தப் பலகையில் உங்கள் பெயர் ஒரு நாளும் ஏறியதில்லை, உறுப்பினர் இல்லை என்கிற ஒரே காரணத்தால். எனக்கு நம்பர் வந்த அன்று ராத்திரி அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேயும் சமீபகாலம் வரை அதே கதைதான். இங்கிலாந்தில் முறையான ஹேண்டிகேப் வேண்டுமென்றால் ஒரு கிளப்பில் சேர்ந்தாக வேண்டியிருந்தது. வந்த புதிதில் ஒரு கிளப்பில் விசாரித்தேன், வருடத்துக்கு 1,600 பவுண்டு, அதற்கு மேல் சேரும் கட்டணம் தனி. என் ஷிப்ட் வேலைக்கு மாதத்தில் இரண்டு தடவை ஆடினாலே பெரிய விஷயம், அதற்கு இவ்வளவு எப்படிக் கொடுப்பது? சரி என்று நகரசபை நடத்தும் பொது மைதானத்தில் அன்றன்றைக்குக் காசு கட்டி ஆட ஆரம்பித்தேன். இப்படிப்பட்ட பொது மைதானங்கள் லண்டனில் புதிது இல்லை. ரிச்மண்ட் பார்க்கில் இருப்பது 1923-இலேயே திறந்தது. அங்கே ஒரு தடவை ஆடினேன். வெளியே பார்க்கில் மான் கூட்டம் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது, எனக்கு ஆட்டத்தில் கவனமே போகவில்லை.

கிளப் இல்லாதவர்களுக்காக 2021 ஜூலையில் இங்கிலாந்து கோல்ஃப் அமைப்பே ஐகோல்ஃப் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது வருடத்துக்கு 40 பவுண்டு. அதில் ஹேண்டிகேப்பும் உண்டு, நாம் அடித்த பந்து யார் மேலாவது பட்டுவிட்டால் கைகொடுக்கக் காப்பீடும் உண்டு. ஸ்காட்லாந்திலும் ஓப்பன்ப்ளே என்ற பெயரில் இதேபோல ஒன்று நடக்கிறது.

நான் ஏன் இதற்காக இவ்வளவு மெனக்கெட்டேன் என்று கேட்பீர்கள். போன வருடம் நண்பர் ஒருவரோடு ஆடலாம் என்று ஒரு தனியார் மைதானத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கிளப்?" எந்தக் கிளப்பும் இல்லை என்றதும் ஹேண்டிகேப் சான்று இருக்கிறதா என்றார், அதுவும் இல்லை என்றதும் மன்னிக்கவும் என்று வைத்துவிட்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு எட்டு வயதில், பிடி தேய்ந்துபோன ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைக் கையில் கொடுத்து நீங்கள் சொல்லித்தந்த ஆட்டம். அதை எனக்கு ஆடத் தெரியும் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

முறை இப்போது நிறைய மாறிவிட்டது. உலகத்தில் ஆறு விதமான ஹேண்டிகேப் கணக்குகள் இருந்தன, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏவும் யூஎஸ்ஜிஏவும் சேர்ந்து 2020-இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள், இங்கே அந்த வருடம் நவம்பர் 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இங்கே ஆண்களுக்கு ரொம்ப காலம் 28-தான் உச்சம், இப்போது ஆண் பெண் எல்லோருக்கும் 54 வரை. நம்பர் கிடைக்க 54 ஹோல், அதாவது 54 குழி, ஆடி அடிகளைக் குறித்த கார்டு கொடுக்க வேண்டும். ஒன்பது ஒன்பதாக ஆடிச் சேர்த்தாலும் சரி, நான் பதினெட்டாகவே மூன்று தடவை ஆடினேன்.

ஆடிவிட்டு வந்து நல்ல ஸ்கோர் என்றால் மட்டும் பதிவு செய்கிற வேலை நடக்காது. முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், நிற்கும்போதே போனைத் திறந்து, இந்த ஆட்டம் கணக்குக்கு என்று சொல்லிவிட வேண்டும். நாம் அந்த மைதானத்தில்தான் நிற்கிறோமா என்று போனே பார்த்துக்கொள்ளும். தனியாக ஆடியது செல்லாது, கூட ஆடுகிறவர் அடிகளைக் குறிக்கும் மார்க்கராக இருந்து கடைசியில் கார்டை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளப்பில் இருந்தால் தெரிந்த முகங்கள் நாலு பேர் இருப்பார்கள். என்னைப் போன்றவனுக்கு அன்றைக்கு யார் ஜோடியாக வருகிறாரோ அவர்தான் சாட்சி.

மூன்றாவது கார்டைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணி, தூறல். என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபது வயது இருக்கும், பையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். முதல் எட்டு ஹோல் நன்றாகவே போனது. ஒன்பதாவது பார் நாலு, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல், அதில் பந்து வலது பக்கம் உயரப் புல்லுக்குள் போய்விட்டது. நீங்கள் மைதானத்தில் வேலை செய்தபோது தேட ஐந்து நிமிடம், 2019 முதல் மூன்று நிமிடம்தான். இரண்டு பேரும் குனிந்து தேடினோம், கிடைத்தது. பந்துக்குப் பக்கத்தில் ஒரு ஈர இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தபோது பந்து அரை அங்குலம் அசைந்து கீழே உட்கார்ந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தன் பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அசைந்துவிட்டது, எனக்கு ஒரு அடி அபராதம்" என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஈரமான சின்னப் பென்சிலால் குறித்துக்கொண்டார். நான் பந்தை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து அடித்தேன். அப்புறம் பங்கர் என்கிற மணல் பள்ளம், அதிலிருந்து வெளியே வர ஐந்து அடி, குழி இருக்கும் கிரீனில் உருட்டி அடிக்கும் புட் மூன்று. மொத்தம் பதினொன்று.

அதோடு அன்றைய கார்டு போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் நம்பர் இன்னும் வராதவனுக்கு ஒரு ஹோலில் பாருக்கு மேல் ஐந்துவரைதான் கணக்கு, அதனால் பதினொன்று ஒன்பதாகிவிட்டது. 103 அடித்தேன், கணக்கில் 101. நம்பர் வந்த பிறகு அந்த வரம்பு நெட் டபுள் போகியாக மாறிவிடும், அதாவது பாருக்கு மேல் இரண்டு அடியான டபுள் போகியோடு அந்த ஹோலில் நமக்குக் கிடைக்கும் அடிகளைச் சேர்த்தது. ஒரே ஒரு ஹோல் ஒருவனுடைய நாளையே அழித்துவிடக் கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு இரண்டு பேர் கார்டையும் ஹோல் ஹோலாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் விரல் ஈரமாக இருந்ததில் போன் திரை கேட்கவே இல்லை, சட்டையின் உள்பக்கத்தில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். "ஒன்பதாவதில் நீ சொன்னதை நான் பார்க்கவில்லை" என்றார். தெரியும் என்றேன். கைகொடுத்துவிட்டுப் போனார். அவரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை, ஆனால் என் முதல் நம்பருக்குக் கீழே இருப்பது அவர் ஒப்புதல்தான்.

கணக்கு எப்படி என்று நீங்கள் கண்டிப்பாகக் கேட்பீர்கள், நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண் உண்டு. கோர்ஸ் ரேட்டிங் என்பது நன்றாக ஆடுகிறவர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பது. ஸ்லோப் என்பது சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கஷ்டம் கொடுக்கும் என்பது, 55-இலிருந்து 155 வரை போகும், நடுமட்டமாக வைத்திருப்பது 113. நான் ஆடும் மைதானத்தில் ரேட்டிங் 69, ஸ்லோப் 120. என் 101-இலிருந்து 69 போனால் 32, அதை 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 30.1. முதல் இரண்டு கார்டும் இதைவிட மோசம், அவற்றை விட்டுவிட்டார்கள். மூன்றே கார்டு இருக்கும்போது நல்ல ஒன்றை எடுத்து அதிலும் 2 குறைப்பார்கள். அதுதான் 28.1.

இருபது கார்டு சேர்ந்த பிறகு, கடைசி இருபதில் நல்ல எட்டின் சராசரிதான் நம்பர். ஞாபகம் இருக்கிறதா, போட்டி வருவதற்கு முன் நாலு வாரம் வேண்டுமென்றே குட்டைப் புட்டைத் தவறவிட்டு நம்பரை ஏற்றிக்கொள்வார் என்று ஒரு உறுப்பினரைப் பற்றிச் சொல்வீர்களே? அவருடைய பையை நீங்கள்தான் சுமந்தீர்கள், பார்த்தும் பேச முடியாமல் நடந்தீர்கள். இப்போது நாலு மோசமான கார்டு கொடுத்து அவ்வளவு தூரம் ஏற்றிவிட முடியாது. ஒரு வருடத்தில் நாம் தொட்ட குறைந்த நம்பரிலிருந்து 3 ஏறிவிட்டால் அதற்கு மேல் பாதி வேகம்தான், 5-ஐத் தாண்டவே விடாது.

கிளப்காரர்களில் சிலருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. வருடம் முழுக்கச் சந்தா கட்டி மைதானத்தைக் காப்பாற்றுவது நாங்கள், கொஞ்சம் காசு கொடுத்து அதே நம்பரை வாங்கிக்கொள்வதா என்கிறார்கள். தெரியாதவர்களோடு ஆடிய கார்டை எப்படி நம்புவது என்றும் கேட்கிறார்கள். முதலாவதில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு, அதனால்தான் கிளப்புகளின் போட்டிகளில் எங்களைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்தக் கிளப்பின் விருப்பம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நானும் ஒவ்வொரு தடவையும் காசு கட்டித்தான் உள்ளே போகிறேன் மாமா. இரண்டாவதற்கு, அந்த டிரைவர் பென்சிலால் குறித்ததைத்தான் பதிலாகச் சொல்வேன். பல வருடம் தெரிந்தவர்களே ஒருவருக்கொருவர் குட்டைப் புட்டை விட்டுக்கொடுத்து எழுதிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

நம்பர் வந்து பத்து நாளில் அது என்னவென்று புரிந்தது. கூட வேலை செய்யும் ஒருவர், கிளப் உறுப்பினர், அந்த மைதானக் கணக்கில் அவருக்கு 9, எனக்கு 28. யார் அதிக ஹோல் ஜெயிக்கிறார் என்று பார்க்கும் மேட்ச் ஆடினோம், வித்தியாசம் 19, ஆகவே ஒவ்வொரு ஹோலிலும் எனக்கு ஒரு அடி சலுகை, கஷ்டமான ஒன்றில் மட்டும் இரண்டு. முன்பெல்லாம் அவர் பாவம் பார்த்து என்னோடு ஆடுவார், அன்றைக்குப் பதினேழாவது ஹோலில் என் எட்டடி புட் உள்ளே போனபோது அவர் முகம் மாறியது, பதினெட்டாவதில் கடைசி புட்டுக்கு நாலு பக்கமும் நடந்து பார்த்தார். ஒரு ஹோல் வித்தியாசத்தில் அவர்தான் ஜெயித்தார். எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை.

இப்போது பதினான்கு கார்டு ஆகிவிட்டது, 24.6. அந்தத் தனியார் மைதானத்துக்கும் போய்விட்டு வந்தேன், போன் திரையைக் காட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஸ்காட்லாந்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே நம்பர் இல்லாமல் ஆட விடமாட்டார்கள். அது வெறும் கிளப்புக்காரர்களின் இடம் இல்லை, பொதுவானது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர் ஜனங்கள் அதன்மேல் நடந்துபோவார்கள். இதெல்லாம் நீங்கள் சின்ன வயதில் எனக்குச் சொன்னதுதான்.

ஒரு உதவி வேண்டும். மூன்றாவது கார்டில் மட்டும் 41 புட். மேட்டிலிருந்து இறங்குகிற புட்டில்தான் எல்லாம் போகிறது, ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் ஆறடி தாண்டிவிடுகிறது. நீங்கள் குழிக்குக் கீழே போய் உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் வைத்து என்னவோ பார்ப்பீர்களே, அது என்ன என்று நான் அப்போது கேட்கவே இல்லை. அத்தையிடம் போனைக் கொடுத்து, முற்றத்திலேயே செய்து காட்டி வீடியோ அனுப்புங்கள். முழங்கால் வலித்தால் உட்கார வேண்டாம், வாயால் சொன்னாலே போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்