ஓட்டுக் கேட்டு வரும் அரசு வழக்கறிஞர்

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ வ.உ.சி. மைதானத்தில் மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இனிமேலாவது தொலைபேசியில் முழங்காலைத் தவிர வேறு விஷயமும் பேசலாம். மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே எல்லாரும் நலம். பேரன் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிறான். என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்கிறான்.

நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். "உங்கள் ஊரில் பப்ளிக் பிராசிக்யூட்டரே துண்டுப் பிரசுரம் அடித்து ஓட்டுக் கேட்பாராமே, அப்படி ஓட்டுக் கேட்டு வந்தவன் எப்படி நடுநிலையாக வழக்கு நடத்துவான்?" என்று கொஞ்சம் ஏளனமாகவே எழுதியிருந்தாய். உண்மைதான், கேட்பார்கள். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்று பெயர், பேச்சில் டி.ஏ. நியூ ஜெர்சி, கனெக்டிகட், அலாஸ்கா போன்ற மிகச் சில மாநிலங்கள் நீங்கலாக அமெரிக்கா முழுவதும் இது தேர்தல் பதவி. 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தொடங்கி வைத்தது. மேலிடத்தில் இருப்பவர்கள் தங்கள் ஆட்களுக்கே பதவி கொடுக்கிறார்கள் என்ற அலுப்புதான் காரணம். அந்த அலுப்பு உனக்குத் தெரியாததா? அரசு வழக்கறிஞராக இருந்து, ஆட்சி மாறிய கையோடு செஷன்ஸ் கோர்ட்டில் உன் வழக்குக் கட்டுகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்தவன் நீ. அதனால் ஏளனத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்.

ஆனால் உன் கேள்வி தப்பில்லை. இங்கே தேர்தல் வரும்போதெல்லாம் நானும் அதைத்தான் யோசிக்கிறேன், ஏனென்றால் 2006-இல் நான் வட கரோலைனா மாநிலத்து டர்ஹம் ஊரில் குடியிருந்தேன். அப்போது எனக்குக் குடியுரிமை கிடையாது, ஓட்டும் கிடையாது. வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டும் இருந்தது.

மைக் நைஃபாங் என்பவர் அந்த ஊர் டி.ஏ. அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2005-இல் டி.ஏ. இடம் காலியானபோது ஆளுநர் மைக் ஈஸ்லி அவரை நியமித்தார். தேர்தலில் நிற்க மாட்டேன் என்று சொன்னதால்தான் கொடுத்தேன் என்று ஈஸ்லி பின்னால் சொன்னார். மனிதர் நின்றார். 2006 மே 2-ஆம் தேதி ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தல், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டு. டர்ஹமில் அந்தக் கட்சியின் உள்தேர்தலில் வென்றால் பதவி கிடைத்த மாதிரிதான். எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் அவரோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்த ஃப்ரீடா பிளாக்; ஊரில் நன்றாக அறிமுகமான பெயர். நைஃபாங்கின் பெயர் கோர்ட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மார்ச் நடுவில் அந்தச் சம்பவம் நடந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் விளையாட்டு அணி மாணவர்கள் ஒரு வீட்டில் விருந்து வைத்திருந்தார்கள். நடனமாட அழைக்கப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவர், தம்மைச் சிலர் வன்புணர்வு செய்ததாகப் புகார் கொடுத்தார். அவர் கறுப்பினத்தவர், ஊரிலேயே உள்ள மற்றொரு பல்கலைக்கழகத்தின் மாணவி. அணியில் ஒருவரைத் தவிர அனைவரும் வெள்ளையர்கள், பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். புகையிலை ஆலைகள் மூடிய ஊர், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வப் பல்கலைக்கழகம், இந்தப் பக்கம் ஏழைத் தெருக்கள். ஊர் கொதித்ததற்கு நியாயமான காரணங்கள் பல தலைமுறையாக இருந்தன. அந்தக் கொதிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொதிப்பில் உலை வைத்தவரைத்தான் சொல்கிறேன். சில நாட்களுக்குள் நைஃபாங் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேட்டிகள் கொடுத்தார். குற்றப்பத்திரிகை இல்லை, ஒரு கைது கூட இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கழுத்தை எப்படி நெரித்திருப்பார்கள் என்று தொலைக்காட்சியில் தம் கையாலேயே நடித்துக் காட்டினார். மாணவர்களை ரவுடிக் கும்பல் என்றார். பத்து லட்சம் டாலர் விளம்பரம் இலவசமாகக் கிடைக்கிறது என்று தமது தேர்தல் வேலைகளைக் கவனித்த பெண்ணிடம் அவர் சொன்னதாகப் பின்னர் செய்தி வந்தது. அணி மாணவர்களில் யாருடைய மரபணுவும் பொருந்தவில்லை என்ற சோதனை முடிவு ஏப்ரல் 10 அன்று வெளியே வந்தது. மறுநாளே அந்தப் பெண் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். அங்கே மேடையேறி, இந்த வழக்கு எங்கும் போய்விடாது என்று உறுதி கொடுத்தார். அடுத்த வாரம் இரண்டு மாணவர்கள் மீது குற்றச்சாட்டு. உள்தேர்தலில் 883 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மே நடுவில் மூன்றாவது மாணவர் மீதும் குற்றச்சாட்டு வந்தது.

சங்கரா, இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நைஃபாங்கின் தேர்தல் கணக்கை எடுத்து வைத்து எத்தனை ஆடிட்டர்கள் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு பைசா பிசகு கிடைத்திருக்காது என்றே வைத்துக்கொள். இந்த மாநிலத்தில் 50 டாலருக்கு மேல் யார் கொடுத்தாலும் பெயர், தொழில், எங்கே வேலை என்பதெல்லாம் எழுதி ஒப்படைக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தப் பிரசாரத்தின் மிகப் பெரிய நன்கொடை பணமாக வரவில்லை. ஒரு புகார்தாரியின் வாக்குமூலமாகவும் மூன்று இளைஞர்களின் பெயராகவும் வந்தது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவரைப் பிடித்தது வேறொரு வெளிப்படை. 2004-இல் வட கரோலைனா ஒரு சட்டம் போட்டிருந்தது: அரசுத் தரப்பின் கோப்பு முழுவதையும் எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்ட வேண்டும். நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த 207-ஆம் பிரிவு மாதிரி, ஆனால் அதைவிட அகலமானது. அரசுத் தரப்பு நம்பியிருக்கும் ஆவணங்களோடு நிற்காமல், போலீஸ் குறிப்பு, சோதனைத் தரவு எல்லாமே கொடுக்க வேண்டும். தனியார் சோதனைக்கூடம் கொடுத்த அறிக்கை சில பக்கம்தான். அதன் பின்னால் இருந்த மூலத் தரவு ஏறக்குறைய இரண்டாயிரம் பக்கம். பிராட் பேனன் என்ற இளம் வழக்கறிஞர் மரபணுப் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் காகிதங்களை வாரக்கணக்கில் படித்தார். புகார் கொடுத்தவரிடமிருந்து எடுத்த மாதிரிகளில் வேறு பல ஆண்களின் மரபணு இருந்தது, அணியில் ஒருவருடையதும் இல்லை. அறிக்கையில் அது எழுதப்படவே இல்லை. 2006 டிசம்பரில் கூண்டில் ஏறிய சோதனைக்கூட இயக்குநர், அப்படி விட்டது நைஃபாங்குக்கும் தெரிந்துதான் என்று ஒப்புக்கொண்டார். நீ இருந்திருந்தால் அந்தக் குறுக்கு விசாரணையை எழுந்து நின்று ரசித்திருப்பாய்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் வழக்கை வாங்கி விசாரித்து, 2007 ஏப்ரலில் மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். ஆதாரம் போதவில்லை என்ற வழக்கமான வாக்கியத்தோடு முடிக்கவில்லை. ஜூனில் நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிபோனது. செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஒரு நாள் சிறை. இதற்கிடையில் 2006 நவம்பர் பொதுத் தேர்தலிலும் அவர் ஜெயித்திருந்தார் என்பதை மறந்துவிடாதே. எதிரே வாக்குச் சீட்டில் இருந்தவர், நான் ஜெயித்தாலும் பதவி ஏற்க மாட்டேன் என்று சொல்லியே நின்றவர். அவருக்கே 39 சதவீதம் ஓட்டு விழுந்தது.

நைஃபாங் கதை முடிந்தது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். ஒரு கெட்ட மனிதர், தண்டிக்கப்பட்டார், அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்டி கொடுத்ததையும் அந்த ஒழுங்கு நடவடிக்கைக் குழு குற்றமாக எழுதியது. ஆனால் மரபணு மறைக்கப்படாமல் இருந்திருந்தால், வெறும் பேட்டிகளுக்காக மட்டும் உரிமம் போயிருக்குமா என்று யோசித்துப் பார். கண்டனத்தோடு முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனிப் பணக் கதை. அது நியூயார்க்கில். மன்ஹாட்டன் டி.ஏ.வாக இருந்த சைரஸ் வான்ஸ் கண்ணியமான மனிதர், முன்னாள் வெளியுறவு அமைச்சரின் மகன். ட்ரம்ப் சோஹோ என்ற கட்டடத்தில் வீடுகள் எவ்வளவு விற்றன என்று மிகைப்படுத்திச் சொல்லி வாங்குபவர்களை ஏமாற்றினார்களா என்று ட்ரம்ப்பின் மகன், மகள் இருவரைப் பற்றி அவருடைய அலுவலகம் விசாரித்துக்கொண்டிருந்தது. ட்ரம்ப்பின் வழக்கறிஞர் மார்க் காசோவிட்ஸ் 2012 ஜனவரியில் வான்ஸின் தேர்தல் நிதிக்கு 25,000 டாலர் கொடுத்தார். மே மாதம் அவர் வான்ஸை நேரில் பார்க்க வந்தார். அதற்கு முன்னால் வான்ஸ் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகஸ்டில் விசாரணை கைவிடப்பட்டது. சில மாதம் கழித்து அதே காசோவிட்ஸ் தாமும் கொடுத்து, மற்றவர்களிடமும் திரட்டி, 50,000 டாலருக்கு மேல் சேர்த்துத் தந்தார். வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

கைவிட்டதற்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வீடு வாங்கியவர்கள் பெரும்பகுதிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சமாதானமாகிவிட்டார்கள். அப்படிப்பட்ட சாட்சிகளை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. லஞ்சம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, வான்ஸும் மறுத்தார். நான் அதிர்ந்தது வேறு இடத்தில். இத்தனை பணமும் சட்டப்படி அரசுப் பதிவேட்டில் எழுதப்பட்டே இருந்தது. யார், எப்போது, எவ்வளவு, எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தது. 2013 தேர்தல் வந்து போனது, ஒருவரும் பேசவில்லை. 2017 அக்டோபரில் செய்தியாளர்கள் தேதிகளை வரிசைப்படுத்தி எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது. டி.ஏ. தேர்தல்களில் பெரும்பாலும் போட்டியே இருப்பதில்லை. பதவியில் இருப்பவர் தனியாக நிற்பார், ஜெயிப்பார். எதிராளி இல்லாத தேர்தலில் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கு அக்கறை?

பிறகு வான்ஸ் கொலம்பியா சட்டக் கல்லூரியின் ஒரு மையத்திடம் யோசனை கேட்டார். 2018 தொடக்கத்தில் அவர்கள் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: யார் கொடுத்தார்கள் என்பதை வேட்பாளர் தெரிந்துகொள்ளவே கூடாது. ஊருக்குத் தெரியட்டும், பதிவேட்டில் இருக்கட்டும், வேட்பாளரின் கண்ணுக்கு மட்டும் மறைத்துவிடுங்கள் என்றார்கள். டி.ஏ. அலுவலகத்துக்கு எதிரே வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களிடமிருந்து வரும் தொகைக்கு ஒரு சிறிய வரம்பும் வைக்கச் சொன்னார்கள். பதிவேடு பொதுவாக இருக்கும்போது அவர் எட்டிப் பார்க்க மாட்டாரா என்று நீ கேட்பாய், பார்க்கலாம்தான். ஆனாலும் தானே தொலைபேசியை எடுத்து, நேற்று எதிரே வாதாடியவரிடம் நன்கொடை கேட்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

நீதிபதி பதவிக்கு இந்தத் தூரம் ஏற்கெனவே பல மாநிலங்களில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் நீதிபதியாகப் போட்டியிட்டவர் நன்கொடை கேட்டுத் தாமே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார் என்று அங்குள்ள வழக்கறிஞர் அமைப்பான பார் நடவடிக்கை எடுத்தது. அது சரி என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் யார் மீது வழக்குப் போடுவது, யாரை விட்டுவிடுவது என்று, யாருக்கும் காரணம் சொல்லாமலே முடிவெடுக்கும் டி.ஏ. தாராளமாகக் கை நீட்டலாம். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சொந்தப் பணத்தில் நின்றால் தொல்லை இல்லையே என்பாய். 2021-இல் மன்ஹாட்டனில் ஒரு வேட்பாளர் சொந்தப் பணம் 82 லட்சம் டாலர் இறக்கினார். தோற்றார். அப்படிப்பட்டவர்களால் மட்டுமே நிற்க முடியும் என்றாகிவிட்டால் அதற்கு உங்கள் ஊர் நியமனமே மேல்.

இந்த முறை எங்கள் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியில், வேட்பாளர்கள் வாசகசாலையில் கூட்டம் போடுகிறார்கள். போகப் போகிறேன். இரண்டு கேள்வி கேட்பதாக இருக்கிறேன். நன்கொடையாளர் பட்டியலை உங்கள் கண்ணில் படாமல் வேறொருவர் வைத்துக்கொள்ளச் சம்மதமா? உங்கள் மேஜையில் இருக்கும் வழக்கைப் பற்றித் தேர்தல் முடியும்வரை மேடையில் வாய் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா? முதலாவதற்குச் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதற்குத்தான் தண்ணீர் குடிப்பார்கள். "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று என் மனைவி இப்போதே கேட்டுவிட்டாள். இல்லைதான், ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

ஒன்று எழுது. நீ பி.பி.யாக இருந்தபோது அந்தச் சாதிக் கலவர வழக்கில் கோர்ட் வாசலில் செய்தியாளர்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். கட்சிக்காரர்கள் பேசச் சொன்னார்களா, பேசாதே என்றார்களா? பேசாமல் நகர்ந்ததற்காக யாராவது உன்னைக் கேள்வி கேட்டார்களா? அந்தக் கதையை நீ முழுதாகச் சொல்லவே இல்லை.

டிசம்பரில் நாங்கள் வருகிறோம். சென்னையில் சில நாள் இருந்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவோம். டிக்கெட் உறுதியானதும் தேதி எழுதுகிறேன். நிலையத்துக்கு வருகிறேன் பேர்வழி என்று அந்தக் காலை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முத்தையா