மழைநீர் வடிகால் பராமரிப்புக்குத் தனிக் கணக்கும், வேலையிடத்துக்கு அருகில் வாடகை வீடுகளும் கோரும் மனு

அனுப்புநர்:
ஆலந்தூர் மண்டலக் குடியிருப்போர் சிலரின் சார்பில்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
ஆதம்பாக்கம், சென்னை – 600 088.

பெறுநர்:
உயர்திரு அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பெருநகர சென்னை மாநகராட்சி – சொத்து வரியில் ஒரு பங்கை மழைநீர் வடிகால் பராமரிப்புக்கெனத் தனிக் கணக்கில் வைத்தல் – வார்டுவாரியாக வரவு செலவு வெளியிடுதல் – சதுப்புநில ஓரத்தில் புதிய குடியிருப்புகளைத் தவிர்த்து, நகருக்குள் வாடகை வீடுகள் அமைத்தல் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், தொண்ணூறுகளின் இறுதியில், பாதாளச் சாக்கடை இணைப்புக்காக வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும் வணிகக் கட்டடங்களுக்கு 10,000 ரூபாயும் முன்கூட்டியே செலுத்தும்படி மக்களிடம் கேட்கப்பட்டது. ஒரு குழாய்கூடப் புதைக்கப்படாத நிலையில் கேட்ட பணம் அது. அன்றைய சம்பளத்தில் 5,000 ரூபாய் சிறிய தொகை அல்ல. எங்கள் வீட்டிலும் அதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. ஆனாலும் கட்டினோம். இந்தப் பணம் வேறெந்தச் செலவுக்கும் திருப்பப்படாது என்று தெருத்தெருவாக வந்து சொன்னார்கள்; எவ்வளவு வசூலானது, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டபோது பதிலும் கிடைத்தது. இன்றும் நாடெங்கும் நகராட்சி நிதி பற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டும் அத்திட்டம் அரசு மானியத்தையும் கடனையும் மட்டும் நம்பி எழுந்ததன்று. பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் மக்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். இம்மனுவில் நாங்கள் கேட்பது அதே ஏற்பாட்டைத்தான், இம்முறை மழைநீருக்காக.

2011-இல் ஆலந்தூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, கட்டடத்தின் பரப்பளவைப் பொறுத்து, பழைய சென்னைப் பகுதியில் 50 முதல் 150 விழுக்காடு வரையிலும், எங்களைப் போல் பின்னர் இணைக்கப்பட்ட பகுதிகளில் 25 முதல் 100 விழுக்காடு வரையிலும் அது கூடியது. 2024-இல் மேலும் 6 விழுக்காடு உயர்ந்தது. மானியம் பெற வேண்டுமானால் வரியை உயர்த்தியாக வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்ததை அறிவோம். வரி உயர்வை நாங்கள் எதிர்க்கவும் இல்லை. பல ஆண்டுகள் உயர்த்தாமலே இருந்துவிட்டு ஒரேயடியாக உயர்த்துவதைவிட, ஆண்டுதோறும் சிறிதளவு கூட்டுவதே முறை என்பது கணக்கு எழுதிப் பழகிய என் கருத்து. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். உயர்ந்த வரியை வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வாடகையோடு சேர்த்துவிடுகிறார். ஆகவே அரையாண்டு வரி ரசீதில் பெயர் இல்லாத வாடகைக் குடும்பமும் இந்த வரியைச் செலுத்தத்தான் செய்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

எங்கள் பகுதி நீரின் வழி இதுதான்: ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு; அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு; பின்பு முட்டுக்காட்டில் கடலுக்கு. இவ்வழியில் ஓரிடம் அடைத்துக்கொண்டாலும் பின்னால் உள்ள தெருக்கள் அனைத்தும் நிற்கும் நீரில் கிடக்கும். 2015 டிசம்பரில் அதைக் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் கண்டோம். அந்த இரண்டாவது முறை எங்கள் தெருவில் புதிய வடிகால் இருந்தது. அதன் ஒரு முனை சிறுபாலத்தோடு சேர்க்கப்படாமலேயே மேல்மூடி போடப்பட்டிருந்தது. வண்டல் வடிகட்டித் தொட்டிகளில் கட்டுமானக் கழிவு அப்படியே கிடந்தது. ஒப்பந்ததாரரின் ஆட்களிடம் சொன்னதற்கு, கட்டும் வேலை மட்டுமே தங்களுடையது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேதனை.

வடிகால் கட்டுவதற்குக் கடன் கிடைக்கிறது. கொசஸ்தலையாறு வடிநிலப் பணிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும், கோவளம் வடிநிலப் பணிக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியும் கடன் தந்திருக்கின்றன. 2025-இல் மாநகராட்சியே 7.97 விழுக்காடு வட்டியில் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் சொந்த நம்பகத்தன்மையைக் காட்டிப் பணம் திரட்டுவது நல்ல தொடக்கம் என்றே கருதுகிறோம். ஆனால் 200 கோடிக்கு முதலாண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் ஆகிறது. அதைச் செலுத்த வேண்டியது மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து. மறுபுறம், தூர் வாருவதற்கு எவரும் கடன் தருவதில்லை. வட்டியும் தூர் வாரும் செலவும் ஒரே பையிலிருந்து போக வேண்டியிருக்கையில், தவணை தவறாமல் கேட்கப்படும் வட்டிதான் முதலில் போகும். செப்டம்பரில் வாரப்பட வேண்டிய வண்டல் கேட்பாரின்றி அங்கேயே இருக்கும். கடன் பெருகப் பெருக இந்த நெருக்கடியும் பெருகும் என்பதால், வடிகால் பராமரிப்புக்கு வேண்டிய தொகையைச் சொத்து வரியிலிருந்து முதலிலேயே பிரித்துத் தனி வங்கிக் கணக்கில் வைக்கவும், அதை வேறு செலவுக்கு மாற்றுவதானால் மாமன்றத்தின் வெளிப்படையான தீர்மானம் தேவை என விதி செய்யவும் வேண்டுகிறோம். புத்தகப் படிப்புக்காகச் சொத்து வரியோடு நூலக வரி தனியாக வசூலிக்கப்பட்டு, நூலக ஆணைக்குழுவுக்குப் போவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். வடிகாலுக்குப் புதிதாக வரி எதுவும் விதிக்க வேண்டியதில்லை; இருப்பதைப் பிரித்து வைத்தாலே போதும்.

அந்தக் கணக்கின் வரவும் செலவும், தூர் வாரிய தெருக்களின் பட்டியலும், வாராதவற்றுக்கான காரணமும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்கு முன் வார்டு அலுவலகப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். இணையத்தில் மட்டும் போட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் குழு தன் அறிக்கையை 2023-இல் அளித்தது. அதன் பரிந்துரைகளில் ஆலந்தூர் மண்டலத்தைச் சார்ந்தவை எவை, அவற்றில் முடிந்தவை எவை என்பதையும் அதே பலகையில் குறிப்பிட வேண்டுகிறோம். மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்று நன்றியோடு பெற்றுக்கொண்டோம். வெள்ளம் வராமல் இருக்க அன்று 5,000 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம் என்று அந்த வரிசையில் ஒருவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, வீடு பற்றி. இது வீட்டுவசதித் துறையின் பொறுப்பு என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஏனெனில் வீட்டை எங்கே கட்டுகிறோம் என்பதுதான் வடிகாலுக்கு எவ்வளவு செலவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆற்றோரம் ஆபத்து என்று எடுத்தவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இறக்கினோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம், தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் கடைசி இடம். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் அப்படிக் குடியேற்றப்பட்டவர். மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் அவருக்குப் பணம் செலவாகவில்லை. நாளுக்கு மூன்று மணி நேரம் செலவாகிறது. ஒரு வீட்டு வேலையை அதனாலேயே விட்டுவிட்டார். வீடு மலிவாகக் கிடைத்தும் வருமானம் குறைந்துபோன கணக்கு இது.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது எழுந்த அடுக்குமாடிகள் பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே கட்டப்பட்டன. பழுதடைந்துவிட்ட அவை இப்போது ஒவ்வொன்றாக இடித்துக் கட்டப்படுகின்றன. அவ்விடங்களில் பழைய குடும்பங்களுக்கு உரிய வீடுகளைத் தந்த பின், கூடுதல் தளங்களில் குறைந்த வாடகை வீடுகள் அமைத்து, வாடகையைக் கட்டடப் பராமரிப்புக்கே செலவிடலாம். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது ஏழைகளின் வீட்டுவசதிக்கெனப் பெறப்படும் உறைவிடக் கட்டணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். கட்டும்போது மண் ஆய்வறிக்கையும் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றும் அங்கு குடியேறுவோர் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். 2014-இல் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த இடம் எங்களுக்குத் தொலைவில் இல்லை.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, முதற்கட்டமாக ஆலந்தூர் மண்டலத்தில் மட்டுமாவது தனிக் கணக்கு முறையைச் செயல்படுத்த ஆணையிடுமாறும், வீட்டுவசதி தொடர்பான பகுதியை உரிய துறைக்கு அனுப்பி, எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு:
பாதாளச் சாக்கடை இணைப்புக்காக ஆலந்தூர் நகராட்சியில் 5,000 ரூபாய் செலுத்தியதற்கான ரசீதின் நகல்.
நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீதின் நகல்.