நிபந்தனை எழுதக் கூச்சம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடுவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கூட்டுக்குடும்பம் சிதைந்ததும் மேல்நாட்டு மோகமும்தான் காரணம் என்று முடித்திருக்கிறீர்கள். பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்த காரணம் இதைவிடச் சாதாரணமானது. இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதுதான் அது.

இப்படிச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுத வருகிறவர்களிடம், "கடைசிவரை பார்த்துக்கணும்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்று கேட்பேன். பெரியவர் மகனைப் பார்ப்பார். மகன் செல்போனைப் பார்ப்பான். "பெத்த பிள்ளைகிட்ட கண்டிஷனா? நாலு பேர் சிரிப்பாங்க" என்று அப்பாவே மறுத்துவிடுவார். 'அன்பு பாசத்தின் பேரில்' என்ற வழக்கமான வாசகத்தோடு பத்திரம் பதிவாகிவிடும்.

அந்த ஒரு வரிக்குத்தான் எவ்வளவு மதிப்பு! பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்கத் தவறினால் திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனைதான் என்று ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் எழுபது வயதில் உயர் நீதிமன்றம் வரை யார் அலைவது?

பழைய கூட்டுக்குடும்பத்தைப் புகழும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அங்கே முதியவரைக் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் மருமகள். அவளுக்குச் சொத்தில் பங்கும் கிடையாது, நன்றி சொன்னவரும் கிடையாது. அவள் இன்று வேலைக்குப் போவதைப் பண்பாட்டுச் சீரழிவு என்கிறவர்கள், மகன் ஏன் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்று கேட்பதே இல்லை.

அரசியல்வாதிகளுக்கும் மேடையில் தாய்ப்பாசம் பொங்குகிறது. பெற்றோருக்குப் பிள்ளைகள் தர வேண்டிய மாத ஜீவனாம்சத்துக்கு அந்த 2007 சட்டத்தில் வைத்த 10,000 ரூபாய் உச்சவரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அதை நீக்க 2019-இல் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலேயே, 2024-இல் அவை கலைந்ததும் காலாவதியானது. இன்று மருந்துக்கும் மருத்துவருக்கும் துணைக்கு ஒரு ஆளுக்கும் இந்தத் தொகை எந்த மூலைக்கு?

ஜீவனாம்சம் கேட்டு, இந்தச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வக்கீல் தேவையில்லை என்பதும், 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பதும் பெரும்பாலான முதியோருக்குத் தெரியாது. அதை விளக்கி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கூடவே, செட்டில்மென்ட் பத்திரத்தில் சேர்க்க வேண்டிய பராமரிப்பு வாசகத்தின் மாதிரியையும் வெளியிடுங்கள். வாசகம் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்